பொரியின் கனம்

மேட்டு வீதியில் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் தெய்வசிகாமணி வீட்டு எலி இளைக்க இளைக்கக் கனத்துக்கொண்டே போனது ஒரு கார்த்திகை மாசத்தில்தான் என்று பல்லடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அதை எலி என்று சொல்லக் கூடாது, ஹாம்ஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது சிகாமணியின் மகள் கனிஷ்காவின் கட்சி. ஆனால் மேட்டு வீதிக்காரர்களின் வாய்க்கு எலிதான் வசதி. உள்ளங்கைக்குள் அடங்குகிற, வால் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய, தவிட்டு நிற உருண்டை அது. பத்தாம் வகுப்பில் மகள் நிறைய மார்க் எடுத்தாள் என்று சிகாமணியே திருப்பூர் போய் வாங்கிவந்து கொடுத்தது. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியவில்லை என்று அவள் அதற்குப் பொரி என்று பேர் வைத்தாள்.

சிகாமணி லேசுப்பட்ட ஆள் கிடையாது. கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், பண்ணைக்காரர்கள் வளர்ப்பார்கள், சிகாமணி பண்ணை பண்ணையாகப் போய்க் கோழியைத் தூக்கிப் பார்த்து, தின்ற தீவனத்துக்கு எடை ஏறியிருக்கிறதா என்று கணக்குச் சொல்லுவார். தராசு என்று ஒன்று வண்டியில் இருக்கும்தான், ஆனால் அவர் கோழியைக் கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிச் சொல்லுகிற எடை தராசு சொல்லுகிற எடையாகவே இருக்கும். தீவனத் தொட்டி காலி, எடை ஏற்றம், இந்த இரண்டும் இருந்தால் பண்ணை நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான், அதற்கு மேல் கோழியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது.

அவருக்கு இன்னொரு திறமையும் உண்டு, அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். ஷெட் வாசலில் நின்று ஆயிரக்கணக்கான கோழிகளை ஒரு பார்வை பார்ப்பார், கண் சொருகி, முதுகு கூனி, இறகு சிலிர்த்து, மூக்கு நனைந்து ஓரமாக நிற்கிற ஒன்றிடம் நேராகப் போவார், கழிச்சுடலாம் என்பார், கழுத்தை ஒரு திருகு திருகிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவார். அவர் கண்டுபிடித்த கோழி ஒன்றுகூடப் பிழைத்ததில்லை, ஏனென்றால் அவர் கண்டுபிடிப்பதே அதற்காகத்தான். நோவைப் பார்த்த பிறகு வேறு என்ன செய்வது என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கனிஷ்காவை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெட்டி படுக்கையெல்லாம் காரில் ஏறிய பிறகும் அவள் கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை.

"அப்பா, இதுக நோவு வந்தா வெளிய காட்டாதுங்க. காட்டுனா எதாச்சும் பெருசு வந்து தின்னுபோடும்னு அதுகளுக்குப் பயம். நல்லா இருக்கற மாதிரியே நடிக்கும். நாமதான் தெனமும் பாத்துக் கண்டுபுடிக்கோணும். கண்ணு பளபளன்னு இருக்குதா, ரோமம் படிஞ்சிருக்குதா, தாடை நனைஞ்சிருக்குதா, சக்கரத்துல ஓடுதா, இல்ல கூனிக்கிட்டு மூலையிலயே உக்காந்திருக்குதா. பாப்பீங்களா?"

"ஏஞ்சாமி, கோழிக்கே நாடி புடிக்கறவன் உங்கப்பன். இந்த எலிய மேய்க்க மாட்டனா? நீ போய்ப் படி," என்றார் சிகாமணி.

ஞாயிற்றுக்கிழமைதோறும் விடுதியிலிருந்து போன் வரும். பின்னால் வரிசை நிற்கும், வார்டன் ம்ம், ம்ம் என்று அவசரப்படுத்துவது இங்கே கேட்கும். பொரி எப்படிங்கப்பா இருக்கு என்று கேட்பாள். எடை ஏறியிருக்கு கண்ணு என்பார். மார்க்கு எப்படி என்று கேட்பார். ஏறியிருக்குங்கப்பா என்பாள். சாப்பிட்டுக்குதா என்பாள், தட்டம் காலி என்பார். நீ சாப்பிட்டுக்கறியா என்பார், தட்டு காலிங்கப்பா என்பாள். இரண்டு பேருக்கும் திருப்தி. தீபாவளிக்கு இரண்டு நாள் வந்தாள், எடுத்திருந்த புதுச் சுடிதார் தோளில் நிற்காமல் நழுவியது. தையல்காரர் அளவைத் தப்பாக எடுத்துவிட்டார் என்று அவள் அம்மா கலாமணி திட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். சிகாமணி நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மார்க் ரொம்ப நன்றாக வந்திருந்தது, அதனால் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

தீபாவளி கழிந்து, கார்த்திகைத் தீபத்துக்கு விளக்கெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்த சமயத்தில், பொரியை வாராவாரம் நிறுக்கிற சமையல் தராசு காட்டிய எடை திடீரென்று இரண்டு பங்காக ஏறியிருந்தது. தராசு பழசு என்றாள் கலாமணி. மறுவாரம் முக்கு மளிகைக்கடைத் தண்டபாணியின் தராசைக் கொண்டுவந்து வைத்தார்கள், ஒரு பூசணிக்காயின் எடையைக் காட்டியது. அதற்கடுத்த வாரம் கோழிப் பெட்டி நிறுக்கிற பெரிய மெஷினைக் கம்பெனி வண்டியில் ஏற்றிவந்தார் சிகாமணி. முள் சுற்றி நின்ற இடம், பெட்டி நிறையக் கோழி இருந்தால் நிற்கிற இடம். அதோடு எடை போடுவது நின்றுபோனது, ஏனென்றால் அதற்குப் பிறகு பொரியை யாராலும் தூக்க முடியவில்லை. கூண்டு இருந்த டீப்பாய் ஒரு மத்தியானம் காலை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. கூண்டு தரைக்கு வந்தது, தரையில் டைல் விரிந்தது, ஒர்க் ஷாப்பிலிருந்து லாரி ஜாக்கி வாங்கிவந்து முட்டுக்கொடுத்து அடியில் ஒரு கனத்த பலகையைச் செருகினார்கள், ஜாக்கியும் அங்கேயே இருந்துவிட்டது. கலாமணி அதைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டாள்.

மேட்டு வீதி இதற்கெல்லாம் அசருகிற வீதி அல்ல. எலி கனத்துவிட்டது, சரி, கனத்துவிட்டது, அதனால் என்ன ஆக வேண்டுமோ அதைப் பார்ப்போம் என்று வீதி அதன் வேலையைப் பார்த்தது. தறி ஷிப்ட் முடிந்து வருகிற பையன்கள் வரிசையாக வந்து விரலைக் கூண்டுக்குள் விட்டு நெம்பிப் பார்த்தார்கள், முடியாமல் போனதும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். சவலைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள், பிள்ளையின் காலைக் கூண்டின் கம்பியில் தொட்டு எடுத்தார்கள், நாலு பேருக்கு எடை ஏறியது என்றும் பேச்சு வந்தது. யாரோ கம்பியில் மஞ்சள் நூல் கட்டினார்கள். எதிர்வீட்டுச் சுலோச்சனா வாரத்துக்கு ஒரு முறை கூண்டுக்குள் கையை விட்டு, எலியைச் சுற்றிக் கிடக்கிற மரத்தூளை அள்ளிப் புதுசு போடுவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள், பழைய தூளில் ஒரு பிடி கேட்டுப் பண்ணைக்காரர்கள் அவள் வாசலில் நின்றார்கள். கல்யாணத் தரகர்கள்கூட, கனத்த எலி வீட்டுக்கு எதிர்ச்சந்து என்றுதான் வழி சொன்னார்கள். இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் பேசினார்கள், பேச்செல்லாம் கனத்தைப் பற்றித்தான்.

பண்ணைக்கார அர்த்தனாரி வந்து, "சூப்பர்வைசர், ஊட்டுல என்ன தீவனம் வெக்கறீங்கன்னு எங்களுக்கும் சொல்லப்படாதுங்களா? எங்க கோழிக்கெல்லாம் ஒண்ணு வெச்சுட்டு நீங்க ஒண்ணு வெச்சா எப்படிங்க," என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் நிஜமாகவே கேட்டார். சிகாமணியும் சிரித்தார், சும்மா சோளமும் கம்பும் தானுங்க என்றார், கைராசி என்று ஒன்று இருக்குதல்ல என்று சேர்த்துக்கொண்டார். பெருமை யாரை விட்டது. தட்டம் தினமும் காலியாகத்தான் இருந்தது, எடை தினமும் ஏறத்தான் செய்தது, அவருடைய கணக்கில் அதைவிட ஆரோக்கியமான உயிர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

கம்பெனி மேனேஜருக்குச் சேதி போனது. மேனேஜர் ஒரு காலை வேளையில் மாலையும் பொன்னாடையும் போட்டோக்காரரும் சகிதமாக வந்து இறங்கினார். வீதியே கூடத்துக்குள் வந்துவிட்டது. தெய்வசிகாமணி கை பட்டால் எலியும் ஏறும் என்று மேனேஜர் நாலு வார்த்தை பேசினார், பொன்னாடை போர்த்தினார், எல்லாரும் கை தட்டினார்கள். போட்டோக்காரர் மட்டும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "சார், எலி மொகத்தைக் கொஞ்சம் நிமித்துங்க, குனிஞ்சே இருக்குது," என்றார்.

சிகாமணி கூண்டுக் கதவைத் திறந்து, ஒரு விரலால் பொரியின் தாடையை நிமிர்த்தினார். அத்தனை கனமும் அந்த விரலில் வந்து நின்றது. விரலுக்குக் கீழே எலும்புதான் இருந்தது, சதையே இல்லை. கண் மங்கி ஓரத்தில் பீளை கட்டியிருந்தது, ரோமம் முள்முள்ளாக நின்றது, முதுகு கூனியிருந்தது. விரலை எடுத்தபோது விரல் நனைந்திருந்தது.

ஷெட் வாசலில் நின்று ஆயிரத்தில் ஒன்றைப் பார்க்கிற கண் அது, ஒன்றே ஒன்று இருக்கிற கூண்டில் பார்க்காமல் போகுமா. பார்த்துவிட்டது. பார்த்ததும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகவே கழுத்தைப் பிடிக்கிற மாதிரி வளைந்ததைச் சிகாமணி கண்டார். கையை வெளியே இழுத்தார். நனைந்த விரலைப் பொன்னாடையின் மடிப்பில் துடைத்துக்கொண்டார். போட்டோவுக்குச் சிரித்தார். அந்த போட்டோவைப் பெரிசாக்கிக் கம்பெனி ஆபீசில் மாட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீதியெல்லாம் கை தட்டிய பிறகு, எலிக்கு நோவு, ஏறியது எடை இல்லை என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்லுவது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார், நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கூடத்தின் வழியாகப் போகும்போது கூண்டுப் பக்கம் திரும்பாமல் போகப் பழகினார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"கண்ணு எப்படிங்கப்பா இருக்கு? பளபளன்னு இருக்குதா?"

"மின்னுது சாமி. எடை வேற சொல்லிமாளாது. நீ மார்க்கச் சொல்லு."

"ஏறியிருக்குங்கப்பா," என்றாள் கனிஷ்கா. அவள் குரல் தொண்டைக்குள்ளிருந்து வந்தது. மார்கழிப் பனி, சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

அரையாண்டு லீவுக்கு அவள் வந்து இறங்கியபோது கூடத்தில் கூட்டம் இருந்தது, காங்கேயத்திலிருந்து யாரோ உறவுக்காரர்களை எலி காட்டக் கூட்டிவந்திருந்தார் தண்டபாணி. வா கண்ணு, மார்க்கெல்லாம் பிரமாதமாமே என்றார்கள் எல்லாரும். அவள் பையை வாசலிலேயே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து, கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். மூச்சு விடுகிற நேரம்தான் பார்த்தாள்.

"இதுக்கு நோவுங்கப்பா," என்றாள்.

 அவள் கதவைத் திறந்து பொரியை எடுக்கப் பார்த்தாள். அவள் எடுத்தால் வந்துவிடும் என்று ஏனோ எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது, அவளுக்கும் இருந்திருக்கும். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பலகையில் முட்டியை ஊன்றி இழுத்தாள், ஒரு நூல் அசையவில்லை. அவள் அழவில்லை. அம்மாவின் போனை வாங்கி, திருப்பூரில் பொரியை முன்னே ஒரு தரம் காட்டிய மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு கையும் பொரி மேல் இருக்க வேண்டும் என்று போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். தூக்க முடியலைங்க மேடம் என்றாள். தூக்க முடியாத அளவுக்கு எப்போதிருந்து நோவு என்று கேட்டார் டாக்டர். பேதி பேதி என்று வந்ததா, தாடை நனைந்ததா, கண் எப்படி, எப்போதிருந்து, வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள் என்றார்.

கனிஷ்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். வீதி மொத்தமும் அப்பாவைப் பார்த்தது.

"நேத்துல இருந்துதானுங்க மேடம். முந்தாநேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சு," என்றார் சிகாமணி.

ஜாக்கி கிரீச்சென்றது. பலகை நடுவில் வெடித்து, கூண்டு இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. கனிஷ்காவின் கை பொரிக்கு அடியில் மாட்டிக்கொண்டு நசுங்கியது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உருவினாள், புறங்கையெல்லாம் சிவந்துவிட்டது.  அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு இந்தக் கூடத்தில் நிற்பதைவிட அந்தக் கூண்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது சிகாமணிக்கு.

"பொன்னாடை போத்துன அன்னிக்கே தெரியுமுங்க," என்றார்.

பலகை முனகுவது நின்றது.

"தாடை நனைஞ்சிருந்துச்சு. நான் வெரலத் தொடச்சுக்கிட்டேன். கண்ணு மங்கிப் பீளை கட்டியிருந்துச்சு. பாத்தனுங்க. பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன். புள்ள போன்ல கேட்டுச்சு, மின்னுதுன்னு சொன்னேன்." அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. "அதுக்கு முன்னாடியும் தெரியுமுங்க. சக்கரம் சுத்தற சத்தம் கேக்கறதில்லைன்னு தெரியும். எடை ஏறுதேன்னு உட்டுட்டேன்."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஜாக்கி மெல்ல மேலே வந்தது. அது முழுக்க வருகிற வழியாக இல்லை. அப்போது கலாமணி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "நானும் பாத்தனுங்க. தாடைய நாந்தான் துணியில ஒத்திவிடுவேன் தெனமும். இவரு பாத்துக்குவாருன்னு இருந்துட்டேன்." பிறகு சுலோச்சனா, தரையைப் பார்த்துக்கொண்டே: "மரத்தூளுக்கு அடியில அத்தன சோளமும் கம்பும் தின்னாமக் கெடந்துச்சு கண்ணு. தட்டத்துல இருந்து எடுத்து எடுத்து அங்க ஒளிச்சு வெச்சிருந்துச்சு. நான் அள்ளிட்டுப் போயி எங்க கோழிக்குப் போட்டேன்." அர்த்தனாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பண்ணக்காரனுக்குத் தெரியாதுங்களா. கூனிக்கிட்டுத்தான் இருந்துச்சு. சால்வை போத்தற எடத்துல அதப் போயி எப்படிச் சொல்றதுன்னு உட்டுட்டேன்." தண்டபாணியும் பார்த்திருந்தார். பிள்ளையின் காலைத் தொட்டு எடுத்த அம்மாவும் பார்த்திருந்தாள். பார்க்காதவர்கள் அந்த வீதியிலேயே யாரும் இல்லை, காங்கேயத்து உறவுக்காரர்களைத் தவிர.

கனிஷ்கா கையை விட்டு எடுத்தாள். பொரி அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, பொரி மாதிரிதான் இருந்தது. கூடத்தில் ஒருவரும் அதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார்கள்.

வண்டியில் போனால் பனிக்காற்று அடிக்கும் என்று பஸ்ஸில் போனார்கள். ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து அதில் பொரியைப் படுக்கவைத்து மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பூர் வரைக்கும் அவள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவரும் பேச்சுக் கொடுக்கத் தைரியமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா பொரியின் வாயை நெகிழ்த்திக் காட்டினார். கீழ்ப்பல் இரண்டும் வளர்ந்து வளைந்து மேலண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தன. கன்னத்துப் பைகளில் ஊறிப்போன கம்பு அப்படியே இருந்தது.

"தின்னலைங்க. தின்ன மாதிரி ஒளிச்சு வெச்சிருக்கு. பல்லு வளந்தா வலிக்கும், மெல்ல முடியாது, ஆனா தட்டம் காலியாத்தான் இருக்கும், நீங்களும் சாப்பிடுதுன்னு நெனச்சுக்குவீங்க," என்று சொல்லிக்கொண்டே, ஒரு சின்னக் கத்தரியால் பல்லைக் கத்தரித்தார், கன்னத்திலிருந்த தானியத்தை ஒவ்வொன்றாக எடுத்தார். பாலாடையில் கஞ்சித் தண்ணி வைத்தபோது பொரி நக்கியது. கொஞ்சமாகத்தான் நக்கியது. பொழச்சுக்கும், ஆனா தெனமும் பாக்கணும், வெறும் தட்டத்தப் பாத்து ஏமாறக் கூடாது என்றார். பாக்கறனுங்க என்றார் சிகாமணி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

திரும்பி வரும்போது பொள்ளாச்சி பஸ் கிடைத்தது, பல்லடம் வழிதான் போகும். மாலை வெயில் ஜன்னலில் சாய்ந்து விழுந்தது. டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கனிஷ்கா, பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். தலை ஆடி ஆடிக் கடைசியில் அப்பாவின் தோளில் வந்து சாய்ந்தது. சிகாமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பிள்ளை மன்னித்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார். அப்புறம் குனிந்து அவளைப் பார்த்தார்.

தினமும் பார்க்கிறேன் என்று இப்போதுதான் சொல்லிவிட்டு வந்த கண் அல்லவா, அதற்கு நிறுத்தத் தெரியவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. முடி வகிட்டில் உதிர்ந்து மண்டை தெரிந்தது. நகமெல்லாம் கடித்துக் கடித்துச் சதையோடு போயிருந்தது. தூக்கத்திலும் தோள் இரண்டும் கூனி முன்னால் வந்திருந்தன. கழுத்தெலும்பின் குழியில் ஒரு கைத் தண்ணீர் ஊற்றலாம். சுடிதாரின் ஓரத்தில் தீபாவளிக்குக் கலாமணி பிடித்துத் தைத்த தையல் இருந்தது, அதையும் தாண்டித் துணி தொளதொளத்தது.

அப்போதுதான் அவள் தலை கனக்கத் தொடங்கியது.

முதலில் தூக்கக் கனம் என்று நினைத்தார். தோள் இறங்கியது. ஒரு தேங்காய்ச் சாக்கைச் சுமக்கிற மாதிரி ஆனது, பிறகு சாக்கெல்லாம் எந்த மூலைக்கு என்று ஆனது. சீட்டுக் கம்பி முனகியது. பஸ் இடது பக்கம் சாய்ந்து ஓடியது, ஜனங்கள் சலித்துக்கொண்டே எழுந்து வலது பக்கம் போய் நின்றார்கள். கண்டக்டர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

"யாருங்க இந்தப் பக்கம் கனமா உக்காந்திருக்கறது? வண்டி இழுக்குதுன்னு டிரைவர் சத்தம் போடறாரு."

"எங்க புள்ளைங்க," என்றார் சிகாமணி.

கண்டக்டர் அந்த ஒல்லிப் பெண்ணைப் பார்த்தார், சிகாமணியைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் நகர்ந்துவிட்டார். அவருக்கும் பெண் பிள்ளை இருந்திருக்கும்.

காலையில் வீதிக்கு முன்னால் பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று இப்போது தெரிந்தது சிகாமணிக்கு. எலியை நிறுத்துப் பார்த்தது ஒரு வருஷத்துக்குள்ளேதான். பிள்ளையை அவர் எப்போதிலிருந்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏறியிருக்கா, ஏறியிருக்குங்கப்பா. தட்டு காலியா, காலிங்கப்பா. அவருடைய கை மரத்துப்போய்விட்டது, கையை உருவிக்கொள்ளவும் மனசில்லை. டப்பாவுக்குள் பொரி அசைகிற சத்தம் கேட்டது.

"கண்ணு," என்று மெல்லக் கூப்பிட்டார். "உனக்கு நோவுன்னு அப்பனுக்குத் தெரியும் சாமி."

அவள் தூக்கம் கலைந்தது அவருக்குத் தெரிந்தது, ஆனால் தலையை எடுக்கவில்லை. கனமும் இறங்கவில்லை. முகத்தைத் தோளில் வைத்தபடியே கேட்டாள்.

"எப்ப இருந்துங்கப்பா தெரியும்?"

இப்பத்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பஸ் இன்னும் ஒரு சாய்ப்புச் சாய்ந்தது. ஜாக்கியின் சத்தத்தை நினைத்துக்கொண்டார், நசுங்கிச் சிவந்த அவள் புறங்கை டப்பாவின் மேல் இருந்தது.

"தீபாவளிக்கு அம்மா துணியப் புடிச்சுத் தெக்கறப்பவே. நாற்காலில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். பாத்துட்டு மார்க்கப் பத்திப் பேசுனேன்."

 தோளில் சட்டை நனைவது தெரிந்தது.

"சாப்பாட்ட என்ன சாமி பண்ணுவ?"

"பக்கத்துப் புள்ளைக தட்டுல போட்டுருவேனுங்க. வார்டன் தட்ட மட்டுந்தான் பாப்பாங்க." மூக்கை உறிஞ்சினாள். "அங்க நோவுன்னு காட்டுனா கீழ் செக்சனுக்கு எறக்கி உட்டுருவாங்கப்பா. அப்புறம் நீங்க என்ன நெனப்பீங்களோன்னு."

ஷெட் வாசலில் நிற்கிற தன்னையே சிகாமணி பார்த்தார், அவரைப் பார்த்ததும் நன்றாக நிற்கிற மாதிரி நிமிர்ந்து நிற்கிற கோழிகளையும் பார்த்தார். 

"இனி அங்க போக வேண்டாம் கண்ணு."

"மார்க்கு கொறஞ்சிருமுங்கப்பா."

"கொறையட்டும்," என்றார். அந்த வார்த்தையை அவர் ஆயுசில் எந்த எடைக்கும் சொன்னதில்லை, வாய்க்குள் அது புதுசாக இருந்தது, இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார். தோளில் ஒரு இழை, ஒரே ஒரு இழை, கனம் குறைந்தது.

பல்லடம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று கண்டக்டர் இரண்டு தரம் குரல் கொடுத்தார், பல்லடமெல்லாம் இறங்குங்க என்றார். சிகாமணியால் எழுந்திருக்க முடியவில்லை, தோள் இன்னும் கனத்தது, இன்னும் சொல்லாதது நிறைய இருந்தது, பத்தாம் வகுப்புக்கு முன்னால் இருந்தே இருந்தது. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து நீட்டி, பொள்ளாச்சிக்கு ரெண்டு குடுங்க என்றார்.